இரண்டாம் கேள்விக்குப் பதில் இல்லாத ஆங்கிலம்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ஒரு தாள் கைமாறிக்கொண்டிருக்கிறது. பொறியியல், கலை அறிவியல், நிர்வாகவியல் என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. கருத்தரங்குக்கோ தொழில் கண்காட்சிக்கோ முதலீட்டாளர் சந்திப்புக்கோ போகிற மாணவர், அங்கே முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியங்கள் அதில் வரிசையாக இருக்கும். அறிமுகத்துக்கு 'இட்ஸ் எ பிளெஷர் டு மீட் யூ'. பேச்சைத் தொடங்க 'வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?'. எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் 'தட்ஸ் ரியலி இன்டரஸ்டிங்'. விசிட்டிங் கார்டு வாங்க ஒன்று, நாசூக்காக நழுவ ஒன்று, பிறகு மின்னஞ்சலில் நினைவூட்ட ஒன்று. சில கல்லூரிகளில் இது அச்சிட்ட கையேடு, சிலவற்றில் ஜெராக்ஸ், பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப். 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பில் பயிற்சியாளர் ஒரு வரியைச் சொல்ல, அறுபது பேர் திருப்பிச் சொல்கிறார்கள்.

இந்தத் தாளுக்காக அண்மையில் ஆசிரியர்கள் கூடிய ஓர் அரங்கில் ஒருவர் உருக்கமாக வாதாடினார். "நம்ம பசங்களுக்கு விஷயம் தெரியும். வாயைத் திறக்கத்தான் தெரியல. வாயைத் திறக்க வெச்சிட்டா மீதி தானா வரும்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த 'மீதி' தானாக வருவதில்லை என்பது என் நெடுநாள் கட்சி. கைதட்டலுக்கு நடுவே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். சடங்குப் பேச்சு வீண்பேச்சு இல்லை. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவருக்கு நம் சாப்பாட்டு விவரம் தேவையில்லை, உறவு சுமுகமாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ளவே அந்தக் கேள்வி. இப்படிப்பட்ட பேச்சுக்கு மாலினோவ்ஸ்கி 1923இலேயே தனிப் பெயர் கொடுத்து, மனிதக் கூட்டுறவில் அதன் இடத்தை விளக்கிவிட்டார். பழக்கப்பட்ட சொற்றொடர்களை முழுசாக மனத்தில் வைத்திருப்பதும் குற்றமில்லை. தாய்மொழியிலேயே நாம் பாதிப் பேச்சை அப்படித்தான் நடத்துகிறோம் என்று மொழியியலாளர்கள் 1980கள் முதல் சொல்லி வருகிறார்கள். நேரடிப் பழக்கம் குறைந்தவர்கள் மூலமாகத்தான் புது வேலைச் செய்தி அதிகம் வருகிறது என்று மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையை மறுக்கவும் முடியாது. காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் பிறந்த ஒருவனுக்குத் தெரிந்த உலகம் உறவுக்காரர்கள், பாவு கொடுக்கும் முதலாளி, கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு சின்ன வட்டம். அதைத் தாண்ட ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் போய் நிற்கத்தான் வேண்டும். நிற்கும்போது கை நடுங்காமல் இருக்க இரண்டு வாக்கியம் உதவும் என்றால் உதவட்டும்.

இவ்வளவுதான் அந்தத் தாளின் பெருமை.

இனி அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எங்கே கிடைத்தாலும் அமைப்பு ஒன்றுதான். தொடங்குவதற்கு ஒரு பத்தி நிறைய வாக்கியம், முடிப்பதற்கு ஒரு பத்தி நிறைய வாக்கியம். நடுவில்? 'டெல் மீ மோர் அபவுட் தட்', 'தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்', 'ஐ கம்ப்ளீட்லி அக்ரீ'. நடுப்பகுதி இந்த மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் மாநாடு என்பதே அந்த நடுப்பகுதிதான். வந்தவர் உங்களிடம் ஏதோ கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள், அந்தப் பதிலிலிருந்து அவருக்கு இன்னொரு சந்தேகம் வருகிறது. அந்த இரண்டாவது கேள்வி வந்தால்தான் அவர் உங்களை நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று பொருள். வராவிட்டால் உங்கள் கார்டு அவருடைய ஓட்டல் அறையிலேயே தங்கிவிடும்.

நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் 'நெட்வொர்க்கிங்' போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்திருந்தார்கள். கையில் காகிதக் குவளையோடு மாணவர்கள் இருவர் இருவராக வந்து, மாநாட்டுத் தேநீர் இடைவேளையில் சந்தித்துக்கொள்வதுபோல் நடிக்க வேண்டும். ஒரு ஜோடி அபாரமாகப் பேசியது. கைகுலுக்கல், புன்னகை எல்லாம் பயிற்சியாளர் சொன்ன அளவுக்குக் கச்சிதம். "வாட் டஸ் யுவர் ஃபேமிலி டூ?" என்று ஒருவன் கேட்டான். "வி ஆர் இன்டு டெக்ஸ்டைல்ஸ்" என்றான் மற்றவன். "ஓ, தட்ஸ் ரியலி இன்டரஸ்டிங்!" கார்டு மாறியது. 'லெட்ஸ் ஸ்டே இன் டச்.' முழு மதிப்பெண்.

பிறகு நிஜமான தேநீர் இடைவேளையில் அந்த டெக்ஸ்டைல்ஸ் பையனிடம் தமிழில் கேட்டேன்.

"தம்பி, வீட்ல என்ன தொழில்?"

"தறி சார். ரெண்டு தறி ஓடுது."

"பவர்லூமா?"

"ஐயோ, இல்ல சார். கைத்தறி. அப்பா கோர்வை போடுவாரு."

கோர்வை என்றால் என்ன என்று தெரியாதவன்போல் கேட்டேன். பையன் குவளையைக் கீழே வைத்துவிட்டான். "உடல் ஒரு கலரு, கரை வேற கலரு சார். உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒரே ஆளால முடியாது. ஒரு பக்கக் கரைக்கு அம்மா உக்காருவாங்க, லீவு நாள்ல நானு. ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் மாட்டிக்கணும். அந்த எடத்துல தடவிப் பாருங்க, நெளிநெளியாத் தெரியும். ஒழுங்கா மாட்டுனா சேலை நஞ்சு போனாலும் கரை பிரியாது." முந்தானைக்கு வேறு நிறப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதைப் பற்றியும் சொன்னான். அதற்குப் பெட்னி என்று பெயர். கைகளால் காட்டிக்கொண்டே பேசினான். மணி அடித்தது அவன் காதில் விழவில்லை.

இவ்வளவும் தெரிந்தவனைத்தான் அந்தத் தாள் 'வி ஆர் இன்டு டெக்ஸ்டைல்ஸ்' என்று சொல்ல வைத்திருக்கிறது. என் புகார் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தாள் அவனுக்கு ஆங்கிலம் கொடுக்கவில்லை என்பது சிறிய குறை. அவனிடம் இருந்ததை மறைக்கக் கற்றுக்கொடுத்தது பெரிய குறை. அந்த ஒரு வாக்கியத்தைச் சூரத்திலுள்ள பாலியஸ்டர் வியாபாரியும் சொல்லலாம், திருப்பூரிலுள்ள பனியன் கம்பெனி மேலாளரும் சொல்லலாம். காஞ்சிபுரத்துக் கோர்வைக்காரர் மகன் மட்டும் சொல்லக்கூடாது. அவன் சொல்ல வேண்டியது இப்படி இருந்தால் போதும்: 'டூ கலர்ஸ். த்ரீ ஷட்டில்ஸ். டூ பீப்பிள் அட் ஒன் லூம்.' பத்துச் சொல்கூட இல்லை. எட்டாம் வகுப்பு ஆங்கிலம். ஆனால் கேட்பவர் உடனே "ஒரு தறிக்கு ஏன் இரண்டு பேர்?" என்பார். இரண்டாவது கேள்வி வந்துவிட்டது.

இந்த ஊரின் பிழைப்பே இரண்டாவது கேள்வியில் தொங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. 1965 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சில், வெளிநாட்டு வியாபாரிகளையும் நம் உற்பத்தியாளர்களையும் நேருக்கு நேர் உட்கார வைக்கும் சந்திப்புகளை நடத்துகிறது. தேசியக் கைத்தறி நாள் 2015 ஆகஸ்ட் 7இல் சென்னையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதையொட்டி ஆண்டுதோறும் கண்காட்சிகள். 2024 ஜனவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாடு போன்றவை தனி. இத்தகைய இடங்களில் பட்டுச் சேலை முன்னால் வந்து நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது, "இதே மாதிரிச் சேலை வேறு இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, இது ஏன் இவ்வளவு?" இந்த இடத்தில் 'தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்' என்று சொல்லிச் சிரிக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதில் இருக்கிறது, பட்டு நூலை முறுக்கிய விதத்தில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் குறியீடு எதைக் காக்கிறது என்பதில் இருக்கிறது. எளிய ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் தெரிந்தவர் கடைக்கு ஒருவர் இருந்தால் போதும், போலிச் சேலைக்காரன் பாடு திண்டாட்டம்தான். நம் பயிற்சி வகுப்புகள் அந்த ஒருவரை உருவாக்குகின்றனவா? கைகுலுக்கும் அறுபது பேரை உருவாக்குகின்றன.

'மீதி தானா வரும்' என்ற வாதத்துக்கு வருகிறேன். இது புதிய வாதம் இல்லை. தமிழ்நாடு இதை ஒருமுறை பெரிய அளவில் நம்பிப் பார்த்துவிட்டது. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு மாபெரும் பயிற்சி இயக்கம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மேலும் பலருக்குக் கொடுத்து, அப்படியே ஆயிரக்கணக்கான ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள்வரை கொண்டு சேர்க்கும் திட்டம். உருண்டு உருண்டு பெருக்கிற பனிப்பந்துபோல என்பதால் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் அது 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே குறிப்பிடப்படுகிறது. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி, வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கினால் மொழி வந்துவிடும் என்பது அதன் அடிப்படை. 'திஸ் இஸ் எ பென்' தலைமுறை அதில் வளர்ந்ததுதான். அந்தத் தலைமுறையினர் இப்போது ஓய்வூதியம் வாங்குகிறார்கள். கேட்டுப் பாருங்கள், 'திஸ் இஸ் எ பென்' இன்றும் தப்பில்லாமல் வரும். பேனாவைப் பற்றி அடுத்த வாக்கியம் பலருக்கு வராது.

அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் வேறொன்றைச் செய்து பார்த்தார். இலக்கணமும் இல்லை, மனப்பாட வாக்கியமும் இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, 'இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போக எந்த வண்டி?' என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஊர் வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொல்வார்கள். மனம் கணக்கில் இருக்கும், மொழி பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய கணிப்பு. 1987இல் அது புத்தகமாக வந்தது. பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகம் முழுவதும் பேசப்படும் முறைக்கு முன்னோடிகளில் ஒன்றாக அந்த 'பெங்களூர்த் திட்டம்' எண்ணப்படுகிறது. வெளியாட்கள் அதை மதிப்பிட்டபோது முடிவு முழு வெற்றி என்று சொல்லும்படி இல்லை. வாக்கிய அமைப்புகளைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறை மாணவர்களே மேலே நின்றார்கள். ஆனால் கற்றதைப் புதிய இடத்தில் எடுத்துக் கையாள்வதில் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள். மாநாட்டில் தேவைப்படுவது இரண்டாவது திறமைதானே?

இது நம் வாசலிலேயே நடந்தது. நாற்பது ஆண்டு கழித்து, அதே மாநிலத்தில், மீண்டும் கோரஸ். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் முதலாண்டில் 'புரொஃபஷனல் இங்கிலீஷ்' என்று இரண்டு பருவம் ஒதுக்கியது. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் ஆங்கிலப் பேச்சுத் திறனையும் தன் குறிக்கோளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நேரம் ஒதுக்கியாயிற்று, வாய்ப்பும் இருக்கிறது. ஒதுக்கிய நேரத்தில் எதைச் செய்வது என்ற இடத்தில்தான் சோம்பேறித்தனம் புகுந்துவிடுகிறது. தாள் மலிவு. திருத்துவது சுலபம். சொன்னானா, சொல்லவில்லையா என்று டிக் அடித்துவிடலாம். மாணவன் தன் தறியைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்குவதைத் திருத்த வேண்டுமென்றால் ஆசிரியர் அந்தப் பத்து நிமிடமும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பேட்டு என்றால் என்ன, அச்சு என்றால் என்ன என்று தானும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சியாளர்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். ஒரே தாளை ஓரகடத்துக் கல்லூரியிலும் ஓமலூர்க் கல்லூரியிலும் ஒரே கட்டணத்துக்கு விற்கிறவர், தன் சரக்கு மாணவனுக்கு ஏற்றதா என்று யோசிக்க நியாயமில்லைதான். போதாக்குறைக்கு, கைப்பேசியில் கேட்டால் இப்போது நொடியில் இதைவிட நல்ல வாக்கியங்கள் நூறு வருகின்றன. காசு கொடுத்து வாங்கும் தாளுக்கு அந்த மதிப்பும் போயிற்று.

இன்னொன்றையும் தாள் எழுதியவர்கள் நினைப்பதில்லை. எதிரே நிற்பவர் யார்? அவர்கள் மனத்தில் இருப்பவர் லண்டன்காரர் அல்லது நியூயார்க்காரர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு தொழில் கூட்டத்தில் இளைஞன் சந்திக்கப்போகிற வெளிநாட்டவர் பெரும்பாலும் கொரியர், ஜப்பானியர், தைவான்காரர். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது 1998இல், ஓரகடத்தில் நிசான் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது, ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான். அந்தக் கொரியப் பொறியாளருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான், சில சமயம் நம்மைவிடத் தடுமாற்றம் அதிகம். அவரிடம் போய் 'மே ஐ பிக் யுவர் பிரெயின்?' என்று கேட்டால் அவர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தாய்மொழிக்காரர்கள் இல்லாத ஆங்கிலப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த பார்பரா சைடில்ஹோஃபர் போன்றவர்கள் இதைத்தான் எச்சரிக்கிறார்கள்: ஒரு பக்கம் மட்டும் மரபுத்தொடர் பேசினால் பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படிப்பட்ட அரங்கில் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, கையில் ஒரு பேனாவும் காகிதமும் வைத்துப் படம் போட்டு விளக்குகிறவன்தான் ஜெயிக்கிறான்.

நான் சொல்வதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கைலாசநாதர் கோயில் வாசலுக்குப் போங்கள். அங்கே நிற்கும் வழிகாட்டிகள் யாரும் தாள் படித்தவர்கள் இல்லை. இலக்கணம் எப்போதும் காலை வாரும். கர்த்தா ஒரு பக்கம், வினைச்சொல் ஒரு பக்கம். ஆனால் ராஜசிம்ம பல்லவன் ஏன் கட்டினான், சுற்றிலும் உள்ள சின்னச் சின்னச் சன்னதிகள் எதற்கு, சுவரில் எஞ்சியிருக்கும் ஓவியத் துணுக்கு எந்தக் காலத்தது, மணற்கல் ஏன் இப்படி உதிர்கிறது என்று வெளிநாட்டுப் பயணி எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வரும். பாதி சரித்திரம், பாதி சொந்தச் சரக்கு என்பது வேறு விஷயம்! கேள்விக்குக் கேள்வி நின்று ஆடுகிறார்கள். வெயில் வாசலில் கேள்விகளை வாங்கி வாங்கியே அவர்களுக்கு அந்த ஆங்கிலம் வந்தது. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளுக்குப் பயணிகளை அழைத்துப் போகும் ஆட்டோக்காரர்களில் சிலரும் இப்படித்தான். கல்லூரியில் மூன்று ஆண்டு படித்துத் தாளையும் மனப்பாடம் செய்த பிள்ளையைவிட இவர்களிடம் பயணி அதிக நேரம் பேசுகிறார் என்றால், காரணத்தை உச்சரிப்பில் தேட முடியாது.

இந்த ஊருக்கு அயல்நாட்டுப் பேச்சு நேற்று வந்ததும் இல்லை. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோது, பஞ்சத்துக்கும் அரசியல் குழப்பத்துக்கும் தப்பி இலங்கையிலிருந்து வந்திருந்த பிக்குகளைச் சந்தித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய சீடர் சொல்கிறார். இலங்கைக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர் அவர். யோக சாத்திரத்தில் தமக்கிருந்த சந்தேகங்களை அந்தப் பிக்குகளிடம் கேட்டார். அவர்கள் சொன்ன விளக்கம் நாலந்தாவில் சீலபத்திரரிடம் தாம் ஏற்கெனவே கேட்டதைத் தாண்டவில்லை. இலங்கைப் பயணம் நடக்கவில்லை. அந்தச் சந்திப்பில் மரியாதைக்குக் குறைவு இருந்திருக்காது, உபசாரமும் நடந்திருக்கும். யுவான் சுவாங் மனத்தில் நின்றதும் ஏட்டில் ஏறியதும் விளக்கத்தின் தரம்தான். பல்லவர் காலத்துக் காஞ்சியின் கடிகை என்ற கல்விக்கூடம் வெளியூர் மாணவர்களை இழுத்ததும் அங்கே நடந்த படிப்பாலும் வாதத்தாலும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு 'தட்ஸ் ரியலி இன்டரஸ்டிங்' என்று அறுபது பேர் ஒரே குரலில் சொல்வதைக் கேட்டால் எரிச்சல் வருவது இயல்புதானே.

பயிற்சியாளர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் அண்ணா. காஞ்சிபுரத்தில் ஆங்கிலம் பற்றி யார் பேசினாலும் அவர் பெயர் வந்தே தீரும், வர வேண்டியதும்தான். 1909இல் இங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து, பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்தவர். ஆனால் வகுப்பில் சொல்லப்படுவது எது? 'பிகாஸ்' என்ற சொல் மூன்று முறை அடுத்தடுத்து வரும்படி அவர் ஒரு வாக்கியம் சொன்னாராம் என்ற செவிவழிக் கதை. அரங்கமே கைதட்டும். அந்தக் கதை நடந்ததோ இல்லையோ, அவருடைய ஆங்கிலத்தின் பெருமை அந்தச் சாமர்த்தியத்தில் இல்லை. 1962இல் மாநிலங்களவையில் தன் கட்சியின் வாதத்தை அதற்கு முற்றிலும் எதிரான அவையில் எழுந்து நின்று சொன்னாரே, குறுக்கீடுகளுக்கு நடுவே சொன்னாரே, அதில் இருக்கிறது. 1968இல் யேல் பல்கலைக்கழகம் சப் ஃபெலோஷிப்புக்கு அழைத்து, மாணவர்கள் நடுவே உட்கார வைத்துக் கேள்வி கேட்டதே, அதில் இருக்கிறது. மேடையில் இருந்தாலும் மாணவர் நடுவே இருந்தாலும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பொருளாதாரம் படித்தவருக்கு அவற்றுக்குப் பதில் இருந்தது. மூன்று 'பிகாஸ்' கதையைச் சொல்லி அவரைத் துண்டு வாக்கியத்தின் காவல் தெய்வமாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

எதிர்வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. 'பையனுக்குத் தறி தெரியும், எல்லாருக்கும் தெரியுமா? கணினி படிக்கிற பெண் எதைச் சொல்வாள்?' நியாயமான கேள்விபோலத் தோன்றும். நான்காண்டு படித்த பின்னும் எடுத்துச் சொல்ல ஒரு விஷயமும் இல்லாத மாணவி இருந்தால், அவளை மாநாட்டுக்கு அனுப்பியதுதான் தவறு. வாக்கியம் கொடுத்து அந்தத் தவறை மூட முடியாது. ஆனால் அப்படி யாரும் இருப்பதாக நான் நம்பவில்லை. தன் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். விடுதி அறையில் விடிய விடியத் தமிழில் புலம்பியிருப்பார்கள். அந்தப் புலம்பலை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லத் தெரிந்தால், கேட்கிற பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். அவரும் அதே தொல்லையைப் பட்டவர்தான்.

எனவே ஆங்கிலத் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் உங்கள் ஆங்கில வகுப்புகளை இப்படி நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு மாணவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும்: வீட்டுத் தறி, அப்பாவின் லேத் பட்டறை, அம்மாவின் இட்லிக் கடைக் கணக்கு, தன் ப்ராஜெக்ட். ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கட்டும். தப்பும் தவறுமாக இருக்கட்டும், இடையில் திருத்தாதீர்கள். பிறகு வகுப்பு கேள்வி கேட்கட்டும். முதல் கேள்விக்கு மதிப்பெண் வேண்டாம். அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு எழுப்பும் இரண்டாவது கேள்விக்கும் அதற்கு அவர் தரும் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள். முடிந்தால் மாதம் ஒருமுறை ஊருக்குள்ளிருந்து யாரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். காந்தி ரோட்டில் வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கும் கடைக்காரர், கோயில் வாசல் வழிகாட்டி, ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் கொரியரோடு வேலை பார்க்கும் பழைய மாணவர், யாராக இருந்தாலும் சரி. அவர்கள் கேட்கும் கேள்வி பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

அந்தத் தாளையும் கொடுங்கள். பருவத்தின் கடைசி வகுப்பில், கடைசி அரைமணி நேரத்தில் கொடுத்தால் போதும்.